நீதிபதி குரோவும் வாயு மின்கலமும்

வேல்சு நாட்டின் தென்கரையிலே சுவான்சி என்னும் துறைமுக நகரம் ஒன்று உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நகரம் செம்பு உருக்கும் தொழிலால் உலகப் புகழ் பெற்று விளங்கிற்று. கடல் கடந்து கப்பல்களில் வந்த செம்புக் கனிமங்கள் அங்குள்ள உலைகளில் உருகிச் செம்பாயின. அவ்வுலைகளுக்கு வேண்டிய நிலக்கரி அந்நாட்டிலேயே மிகுதியாகக் கிடைத்தது. இரவும் பகலும் அணையாத தீயும், வானை மறைக்கும் கரும்புகையும் அவ்வூரின் அடையாளங்களாய் இருந்தன. அத்தகைய ஊரிலே பிறந்த ஒருவர், தீயும் புகையும் இன்றியே எரிபொருளிலிருந்து ஆற்றலைப் பெறுதற்கு வழி கண்டார் என்பது எண்ணி வியக்கத்தக்கது. அவர்தாம் வில்லியம் இராபர்ட் குரோவ் என்பார்.

குரோவ் 1811ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள் செல்வக் குடியொன்றிற் பிறந்தார். அவர் தந்தையார் அவ்வட்டாரத்திலே நடுவராக விளங்கியவர். இளமையில் ஆசிரியர்களிடம் தனியே பயின்ற குரோவ், பின்னர் ஆக்சுபோர்டுப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்து 1832இல் பட்டம் பெற்றார். அதன்பின் இலண்டன் மாநகரில் சட்டம் பயின்று, 1835இல் வழக்கறிஞரானார். ஆயினும் அவர் உடல்நலம் அவருக்குத் துணை செய்யவில்லை. வழக்குமன்றத்தில் நெடுநேரம் நின்று வாதிடும் வலிமை அவருக்கு அப்போது இல்லாதிருந்தது. ஆதலின் தொழிலைச் சிறிது ஒதுக்கிவிட்டு, தமக்கு இயல்பாகவே விருப்பமாயிருந்த அறிவியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். நோய் என்பது பொதுவாக மனிதனை முடக்குவது; இவரையோ அது ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்றது.

1835ஆம் ஆண்டிலே சுவான்சி நகரத்து அறிஞர்கள் கூடி இலக்கியத்திற்கும் அறிவியலுக்குமாகக் கழகம் ஒன்றை நிறுவினர். அதனை நிறுவியவர்களுள் குரோவும் ஒருவர். 1837இல் எம்மா பவுல்சு என்னும் நங்கையை மணந்து, ஐரோப்பிய நாடுகள் சிலவற்றைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். அதன்பிறகு அவர் கருத்து முழுதும் மின்கலங்களின்மேற் சென்றது.

அற்றை நாளில் மின்கலம் என்பது எத்தகையது என்பதை நாம் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். இத்தாலி நாட்டு அறிஞர் வோல்ட்டா, இரு வேறு உலோக வட்டுகளை மாறி மாறி வைத்து, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டைத் துண்டுகளை இட்டு, ஒரு தூண்போல அடுக்கினார். அவ்வடுக்கின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தபோது மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தது. அச்செய்தி 1800ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதே ஆண்டிலே நிக்கல்சன், கார்லைல் என்னும் ஆங்கிலேயர் இருவர் அவ்வடுக்கின் மின்னோட்டத்தை நீரினுள் செலுத்தி, நீர் இரு வாயுக்களாகப் பிரிவதைக் கண்டனர். ஒன்று நீரகம் எனப்படும் ஹைட்ரஜன். மற்றொன்று உயிரகம் எனப்படும் ஆக்சிஜன். நீர் இரண்டின் சேர்க்கை என்பது முன்னரே அறியப்பட்டிருப்பினும், மின்னோட்டம் அதனைப் பிரிக்கும் என்பது அன்றுதான் வெளிப்பட்டது.

ஆனால் பழைய மின்கலங்களுக்குப் பெருங்குறை ஒன்று இருந்தது. இயங்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் நீரகக் குமிழிகள் உலோகத் தகட்டின்மேற் படிந்து மின்னோட்டத்தைக் குன்றச் செய்யும். இக்குறையைப் போக்க அறிஞர் பலர் முயன்றனர். 1836இல் டேனியல் என்பார் ஓரளவு வெற்றி கண்டார். குரோவ் 1839இல் அவரினும் ஒருபடி மேலே சென்றார். துத்தநாகத் தகட்டை நீர் கலந்த கந்தக அமிலத்திலும், பிளாட்டினத் தகட்டைச் செறிந்த நைட்ரிக் அமிலத்திலும் வைத்து, இரண்டு அமிலங்களுக்கும் இடையே நுண்துளைகளையுடைய மண்கலம் ஒன்றை அவர் அமைத்தார். வெளிப்படும் நீரகத்தை நைட்ரிக் அமிலம் அவ்வப்போதே மாற்றிவிட்டமையால் குமிழிகள் படியும் இடர் நீங்கிற்று. ஏனைய கலங்களினும் மிக்க வலிமையோடு அது இயங்கியது.

இக்கலத்தை அவர் பாரிசு நகரத்து அறிவியற் கழகத்திற்கு அறிமுகம் செய்த வகையை இங்கே சொல்லாமல் இருத்தல் இயலாது. விலையுயர்ந்த கருவி எதனையும் அவர் அனுப்பவில்லை. சிறு மதுக்கிண்ணங்கள் சில, புகை பிடிக்கும் களிமண் குழல்களின் தலைப்பகுதி சில, அவற்றினுள் இரு உலோகங்கள், இரு அமிலங்கள், இவ்வளவே. கடைத்தெருவில் எளிதாய்க் கிடைத்த அக்குழல்களின் மண்தலையே நுண்துளைக் கலமாகப் பயன்பட்டது. கைக்கடக்கமான அக்கருவி, பழைய முறையில் அமைந்த பெரிய மின்கலங்களுக்கு நிகராக வேலை செய்தது கண்டு அறிஞர்கள் வியந்தனர். குரோவ் மின்கலம் என்னும் பெயரால் அது எங்கும் பரவிற்று. அமெரிக்க நாட்டில் தந்தி நிலையங்கள் அதனை நெடுங்காலம் கையாண்டன. நைட்ரிக் அமிலத்திலிருந்து எழும் செந்நிற நச்சுப்புகை அந்நிலையங்களிற் பணிபுரிந்தோரை வருத்தியது என்பதையும் மறைத்தற்கில்லை. பிற்காலத்தில் அது கைவிடப்பட்டமைக்கு அப்புகையும் ஒரு காரணம்.

அக்கலம் அவருக்குப் புகழையும் பதவியையும் தந்தது. 1840இல் இலண்டன் வேந்தவைக் கழகத்தின் உறுப்பினரானார். 1841இல் இலண்டன் நிலையம் என்னும் அறிவியல் அமைப்பிலே பேராசிரியரானார். எனினும் குரோவின் பெயர் இன்று நிலைத்திருப்பது அக்கலத்தினால் அன்று. அவரே விளையாட்டாகத் தொடங்கினாற்போலத் தோன்றும் வேறொரு கலத்தினாலேயாம்.

மின்னோட்டத்தைச் செலுத்தினால் நீர் இரு வாயுக்களாகப் பிரிகின்றது. அங்ஙனமாயின், அவ்விரு வாயுக்களும் மீண்டும் கூடி நீராகும்போது மின்னோட்டம் வெளிப்படுதல் வேண்டுமன்றோ? இவ்வினா கேட்பதற்கு எளிது, கேட்டவர்தாம் சிலர். நீரகமும் உயிரகமும் பிளாட்டினத்தின்மேற் கூடுகின்றன என்பது 1823இல் டோபரைனர் என்னும் செருமானிய அறிஞர் காட்டிய உண்மை. பிளாட்டினப் பொடியின்மேல் நீரகத்தை ஊதினால் அது காற்றிலுள்ள உயிரகத்தோடு கூடிச் சிவக்கச் சூடேறித் தீப்பற்றும். அக்கூட்டுறவின் ஆற்றல் அங்கே வெப்பமாகச் சிதறிவிடுகின்றது. அதனைச் சிதறவிடாமல் கம்பி வழியே மின்னோட்டமாகக் கொணரலாமா என்பதே குரோவ் எண்ணிய எண்ணம்.

1838ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சுவான்சியிலிருந்து ஆங்கில அறிவியல் இதழ் ஒன்றிற்கு அவர் ஒரு மடல் எழுதினார். அடுத்த சனவரியில் அதனோடு ஒரு பின்குறிப்பைச் சேர்த்தார். பிளாட்டினத் துண்டுகள் இரண்டில் ஒன்றை நீரகத்திலும் மற்றொன்றை உயிரகத்திலும் வைத்து, அவற்றின் கீழ்ப்பகுதிகள் அமில நீரில் தோயுமாறு செய்தபோது, கம்பியில் மின்னோட்டம் பாய்ந்ததாக அதிற் குறித்தார். இத்தகைய கலங்களை வரிசையாகத் தொடுத்தால், நீர் உருவாவதால் பிறக்கும் மின்னோட்டத்தைக் கொண்டே வேறிடத்து நீரைப் பிரிக்கலாம் என்னும் நம்பிக்கையையும் அதிலேயே வெளியிட்டார். அம்மடல் 1839 பிப்ரவரியில் அச்சாயிற்று.

அதற்கு ஒரு திங்கள் முன்னர், அதே இதழில், சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரத்துப் பேராசிரியர் சோன்பைன் என்பார் இதனையொத்த விளைவு ஒன்றைக் குறித்து எழுதியிருந்தார். முதலிற் கண்டவர் யார் என்று வழக்கிடுவார் இன்றும் உளர். என் கருத்துப்படி, வாயுக்களின் கூட்டுறவே அம்மின்னோட்டத்திற்குக் காரணம் என்பதைத் தெளிவுறுத்தியவர் சோன்பைன். அதனைப் பயன்படு கருவியாக்கியவர் குரோவ். அவ்விருவருக்குமோ இவ்வழக்கில் விருப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் நெருங்கிய நண்பர்களாகிப் பல்லாண்டு மடல் எழுதிக்கொண்டனர்.

குரோவ் அமைத்த வாயு மின்கலத்தின் அமைப்பை நோக்குவோம். மேல்முனை மூடிய கண்ணாடிக் குழாய்கள் இரண்டு. ஒவ்வொன்றின் மேல்முனை வழியாகவும் பிளாட்டினக் கம்பி ஒன்று உள்ளே செல்லும். அதில் நீண்ட பிளாட்டினத் தகடு ஒன்று தொங்கும். குழாய்களின் திறந்த கீழ்முனைகள் நீர் கலந்த கந்தக அமிலம் நிறைந்த கலத்துள் நிற்கும். ஒரு குழாயில் நீரகமும் மற்றொன்றில் உயிரகமும் நிரம்பியிருக்கும். தகட்டின் மேற்பகுதி வாயுவிலும் கீழ்ப்பகுதி அமிலத்திலுமாக இருக்கும். வெளியே இரு கம்பிகளையும் இணைத்தவுடன் மின்னோட்டம் பாயும். குழாய்களில் நீர் மெல்ல மெல்ல மேலேறும். உயிரகம் ஒரு பங்கு குறையும்போது நீரகம் இரு பங்கு குறையும். நீரில் அவை எந்த அளவிற் கூடியுள்ளனவோ அந்த அளவிலேயே அவை மறைந்தன.

உள்ளே நிகழ்வது யாது? நீரகம் பிளாட்டினத்தைத் தொட்டவுடன் தன் எலெக்ட்ரான்களை அங்கே விட்டுவிட்டு அமிலத்துள் இறங்குகின்றது. விடப்பட்ட எலெக்ட்ரான்கள் கம்பி வழியே சுற்றிச் சென்று மறுபுறத்துப் பிளாட்டினத்தை அடைகின்றன. அங்கே உயிரகமும், அமிலத்தைக் கடந்து வந்த நீரகமும், அவ்வெலெக்ட்ரான்களும் ஒன்றுகூடி நீராகின்றன. எலெக்ட்ரான் என ஒன்று உண்டு என்பதே 1897இல்தான் தெளிவாயிற்று. அப்போது குரோவ் உயிரோடில்லை. ஆயினும் அவர் தம் கண்கொண்டும் கருத்துக்கொண்டும் ஓர் அரிய உண்மையைப் பிடித்துவிட்டார். வாயு மட்டும் இருக்கும் இடத்தில் ஒன்றும் நிகழ்வதில்லை. அமிலம் மட்டும் இருக்கும் இடத்திலும் இல்லை. வாயு, அமிலம், பிளாட்டினம் ஆகிய மூன்றும் ஒருங்கே தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் செயல் நிகழ்கின்றது. அவருடைய கருவியிலோ அந்த இடம், நீர்மட்டம் தகட்டைத் தொடும் மெல்லிய கோடு ஒன்றே. ஆதலின் இக்கருவியில் வேண்டுவது செயல் நிகழும் பரப்பை மிகுவித்தலே என்று அவர் உணர்ந்தார். தகட்டின்மேல் பிளாட்டினத்தையே கரிய துகளாகப் படியச் செய்தார். வழவழப்பான தகடு கரடுமுரடாயிற்று. அமிலம் அத்துகள்களின் இடையே ஊர்ந்தேறி நனைத்தது. கோடு சிறிது அகன்றது.

அடுத்து, கலங்களை ஒன்றோடொன்று தொடுத்தல். இதன் தேவை யாது? வாயு மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் கணக்கின்படி ஏறத்தாழ 1.23 வோல்ட்டு. கலத்தை எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் இவ்வளவு உயராது. தகட்டின் பரப்பைப் பெருக்கினால் மின்னோட்டம் பெருகுமேயன்றி மின்னழுத்தம் பெருகாது. படிக்கட்டை எண்ணிப் பாருங்கள். படியை எத்துணை அகலமாகக் கட்டினாலும் அதன் உயரம் ஒரு சாண்தான். அகலத்தினால் பலர் ஒருங்கே ஏறலாம், அவ்வளவே. மாடியை அடைவதற்குப் படியின்மேற் படியாக அடுக்குதல் வேண்டும். அதுபோலவே, ஒரு கலத்தின் உயிரகத் தகட்டை அடுத்த கலத்தின் நீரகத் தகட்டோடும், அதன் உயிரகத் தகட்டை அதற்கடுத்த கலத்தின் நீரகத் தகட்டோடும் இணைத்துக்கொண்டே போனால், மின்னழுத்தம் கலத்துக்குக் கலம் ஏறும்.

குரோவ் இவ்வாறு ஐம்பது கலங்களைத் தொடுத்தார். நூறு குழாய்கள், ஒவ்வொன்றிலும் கரிய பிளாட்டினம் படிந்த தகடு, ஒவ்வொன்றிலும் உரிய வாயு. ஓரிடத்தில் இணைப்பு மாறினாலும், ஒரு குழாயில் வாயு கசிந்தாலும் தொடர் முழுவதும் குன்றும். பொறுமையும் கையொழுக்கமும் உடையார்க்கன்றி இயலாத வேலை அது. 1842ஆம் ஆண்டில் அது நிறைவெய்தியது. அத்தொடரின் இரு முனைகளையும், கைகோத்து நின்ற ஐவர் தொட்டபோது ஐவரும் மின்னதிர்ச்சியை உணர்ந்தனர். ஒருவரே தொட்டபோது அது வலியாகவே இருந்தது. கரித்துண்டுகளின் முனைகளிடையே பட்டப்பகலிலும் தெரியும் ஒளிப்பொறி தோன்றிற்று. மூன்றாண்டுகட்கு முன் பின்குறிப்பில் அவர் நம்பி எழுதியதும் நிறைவேறியது: அம்மின்னோட்டம் வேறொரு கலத்திலிருந்த நீரை நீரகமாகவும் உயிரகமாகவும் பிரித்தது. ஒருபுறம் வாயுக்கள் நீராகின்றன. மறுபுறம் நீர் வாயுக்களாகின்றது. இடையே இருப்பது வெறும் கம்பி. இவ்வியப்பை அவர் மைக்கேல் பாரடேக்கு மடல் வாயிலாகத் தெரிவித்தார்.

வியப்போடு நின்றுவிடாமல் அவர் எண்ணிக்கையையும் ஆராய்ந்தார். நீரைப் பிரிப்பதற்கு எத்தனை கலங்கள் குறைந்த அளவில் வேண்டும்? கலங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, 26 கலங்கள் வேண்டும் என்று கண்டார். மேற்சொன்ன கணக்கின்படி நோக்கினால் இரண்டு மூன்று கலங்களே போதும்போலத் தோன்றும். ஆனால் மின்னோட்டம் பாயத் தொடங்கியவுடன் ஒவ்வொரு கலத்தின் அழுத்தமும் சரிந்துவிடுகின்றது. செயல் நிகழும் பரப்போ குறுகியது. அமிலத்தினூடே மின்சாரம் கடக்கவேண்டிய வழியோ நெடியது. இருபத்தாறு என்னும் அவ்வெண், கருவியின் குறையை அளந்து காட்டிய அளவுகோல். தம் கருவியின் குறையைத் தாமே எண்ணிச் சொல்லுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. விளைவுக்குக் காரணம் வேறு ஏதேனும் இருக்குமோ என்று ஐயுற்று, அக்குழாய்களிலே வேறு வாயுக்களை நிரப்பியும் அவர் சோதித்தார். சான்றுகளை நிறுத்துப் பார்க்கும் வழக்கறிஞரின் மனம் ஆய்வுக்கூடத்திலும் அவரை விட்டு நீங்கவில்லை போலும்!

இத்துணைச் சிறந்த கருவி அன்றே உலகிற் பரவாதது ஏன்? பிளாட்டினம் பொன்னைப்போல் அருமையான பொருள். நீரகத்தைப் பெறுதற்குத் துத்தநாகத்தையும் அமிலத்தையும் செலவிடுதல் அக்கால வழக்கம். அவற்றை நேரே மின்கலத்தில் இடுதலே சிக்கனம். கிடைத்த மின்னோட்டமும் சிறிது. இவற்றையெல்லாம் குரோவ் நன்கறிவார். விலைமிக்க துத்தநாகத்திற்கு மாறாக நிலக்கரி, விறகு முதலிய எளிய எரிபொருள்களின் ஆற்றலை முழுவதும் மின்சாரமாகவே பெறக்கூடுமாயின் அது மனித குலத்திற்குப் பெரும்பேறாகும் என்று அவர் கருதினார். ஆனால் அந்நெறியில் மேலும் செல்வதற்கு அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. குடும்பம் பெருகிற்று, பேராசிரியர் பதவியின் ஊதியம் போதவில்லை. 1846இல் அப்பதவியை விட்டு மீண்டும் வழக்குமன்றம் புகுந்தார்.

அறிவியலுக்கு இது இழப்பே என்று சிலர் வருந்துவர். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் அவர் அதே ஆண்டில் வெளியிட்ட நூலை நினைக்குங்கால் அவ்வருத்தம் பாதி தணிகின்றது. இயற்கை ஆற்றல்களின் உறவு பற்றியது அந்நூல். வெப்பம், ஒளி, மின்சாரம், காந்தம், இயக்கம், வேதியற் கவர்ச்சி ஆகியவை தனித்தனிப் பொருள்கள் அல்ல. ஒன்று மற்றொன்றாக மாறவல்லன என்பதே அதன் கருத்து. நீரைக் கூட்டி மின்னையும், மின்னைக் கொண்டு நீரின் பிரிவையும் தம் கண்ணெதிரே கண்டவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. அந்நூல் ஆறு பதிப்புகள் கண்டது. ஆற்றல் அழியாது, மாறும் என்னும் கொள்கை உருவான காலத்தில் அதற்குத் துணைநின்ற நூல்களுள் இதுவும் ஒன்று.

வேந்தவைக் கழகத்தில் அறிவியற் பணி ஏதும் செய்யாத செல்வர்களும் உறுப்பினராகப் புகுந்துகொண்டிருந்ததை அவர் பொறுக்கவில்லை. சீர்திருத்தம் வேண்டிப் போராடினார். ஆண்டொன்றுக்குப் பதினைவர்க்கு மேல் தேர்ந்தெடுத்தல் கூடாது என்னும் விதி 1847இல் ஏற்பட்டமைக்கு அவர் முயற்சியும் காரணமாகும். சுரங்கத் தொழிலாளர்க்காக, கண்ணாடிக் கலத்துள் பிளாட்டினச் சுருளை மின்னோட்டத்தால் ஒளிரச் செய்யும் விளக்கு ஒன்றைப் பற்றி 1845இல் எழுதினார். நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றும் வாயுவினால் மக்கள் மாள்வது வேல்சு நாட்டில் அக்காலத்தில் அடிக்கடி நிகழ்ந்தது.

வழக்குமன்றத்தில் அவர் விரைவில் உயர்ந்தார். 1853இல் அரசியாரின் வழக்கறிஞர் என்னும் சிறப்பைப் பெற்றார். 1856இல் பாமர் என்னும் மருத்துவன் நண்பனை நஞ்சூட்டிக் கொன்றதாகத் தொடரப்பெற்ற வழக்கு இங்கிலாந்து முழுவதையும் கலக்கியது. அதில் எதிரிக்காக வாதிட்டோருள் குரோவும் ஒருவர். நஞ்சின் வேதியியல் பற்றிய சான்றுகளே அவ்வழக்கிற்கு உயிர்நிலையாக இருந்தன. பாமர் தண்டிக்கப்பட்டான். 1866இல் நாட்டிங்காமிற் கூடிய பிரிட்டிசு அறிவியல் முன்னேற்றக் கழகத்திற்குக் குரோவ் தலைமை தாங்கி, இயற்கையில் தாவல் இல்லை, தொடர்ச்சியே உண்டு என்னும் கருத்தை விளக்கி, டார்வினின் கொள்கைக்கு ஆதரவாகப் பேசினார். 1871இல் நீதிபதியானார்; மறுஆண்டு வீரத்திருத்தகை என்னும் பட்டம் அவரை அடைந்தது. 1887இல் ஓய்வு பெற்றபின் தமது பழைய ஆராய்ச்சிகளை மீண்டும் நாடினார்.

இதற்கிடையே உலகம் வேறு வழியிற் சென்றது. காந்தத்தின் இடையே கம்பிச் சுருளைச் சுழற்றி மின்சாரம் பெறும் பொறிகள் பெருகின. நிலக்கரியை எரித்து, நீரை ஆவியாக்கி, ஆவியால் சக்கரத்தைச் சுழற்றி, சக்கரத்தால் மின்சாரம் எடுப்பது சுற்றுவழியே ஆயினும் மலிவான வழியாயிற்று. குரோவின் வாயு மின்கலம் வகுப்பறையில் மாணவர்க்குக் காட்டும் பொருளாக நின்றது. ஆயினும் அவர் வாழ்நாளின் இறுதியில், 1889இல், லுட்விக் மாண்டு, கார்ல் லாங்கர் என்னும் இருவர் அதனை மீண்டும் கையிலெடுத்தனர். குழாய்களை நீக்கிவிட்டு, அமிலத்தில் ஊறிய நுண்துளைப் பலகையின் இரு முகங்களிலும் துளையிட்ட மெல்லிய பிளாட்டினத் தாளையும் கரிய பிளாட்டினத் துகளையும் பொருத்தினர். நீர்மட்டத்தில் ஒரு கோடாயிருந்த செயலிடம் பலகை முழுவதும் பரவிற்று. நெடிய அமிலவழி ஒரு பலகையின் கனமாகச் சுருங்கிற்று. 78 வயது முதியவராகிய குரோவ் அப்போது இலண்டனில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1896ஆம் ஆண்டு ஆகத்து முதல் நாள் அவர் உயிர் நீத்தார்.

குரோவ் விட்ட இடத்திலிருந்து அடுக்கை முழுமையாக்கியவர் பிரான்சிசு தாமசு பேகன் என்னும் ஆங்கிலப் பொறியாளர். 1932இல் இக்கருத்தில் மனம் பதித்த அவர், 27 ஆண்டுகள் அதனை விடவில்லை. பிளாட்டினத்திற்கு மாறாக நிக்கல் துகளை அழுத்திச் சுட்ட நுண்துளைத் தகடுகளை அவர் கையாண்டார். தகட்டின் ஒரு பக்கத்துத் துளைகள் பெரியவை. மறுபக்கத்துத் துளைகள் மிக நுண்ணியவை. பெரிய துளைகளின் வழியே வாயு நுழையும்; நுண்துளைகளில் காரநீர் நிற்கும். வாயுவின் அழுத்தத்தைச் சிறிதே மிகுவித்து, இரண்டும் தகட்டின் உள்ளேயே சந்திக்குமாறு செய்தார். குரோவ் கண்ணாடிக் குழாயிற் கண்ட அம்முக்கூடல், இப்போது ஒரு தகட்டினுள் எண்ணற்ற துளைகளில் அமைந்தது. 1959இல் 40 கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிய அடுக்கு ஒன்று கேம்பிரிட்சு நகரில் 5 கிலோவாட்டு மின்சாரம் தந்தது.

இத்தகைய அடுக்கைக் கட்டுவோர்க்கு நேரும் இடர்கள் குரோவுக்கு நேர்ந்தவையே. எல்லாக் கலங்களிலும் ஒரே மின்னோட்டம் பாய்வதால், நலிந்த கலம் ஒன்று இருப்பின் அது அடுக்கு முழுவதையும் நலியச் செய்யும். ஆதலின் ஒவ்வொரு கலத்திற்கும் வாயு ஒத்த அளவிற் செல்லுதல் வேண்டும். இரு வாயுக்களும் கலந்துவிடாதவாறு விளிம்புகளை நெகிழ்பொருளால் அடைத்தல் வேண்டும். இரு முனைகளிலும் தடித்த பலகைகளை வைத்து நீண்ட திருகாணிகளால் முடுக்கும்போது, ஓரிடத்தில் மிகுதியாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அழுத்தம் விழலாகாது. மிகுந்தால் தகடு நொறுங்கும், குறைந்தால் வாயு கசியும். உண்டாகும் நீரும் வெப்பமும் அவ்வப்போது வெளியேறுதல் வேண்டும். இன்றைய அடுக்குகளில் இரு கலங்களுக்கு இடையே ஒரே தகடு நின்று, ஒரு முகத்தால் நீரகத்தையும் மறுமுகத்தால் உயிரகத்தையும் ஏந்திச் செல்கின்றது. குரோவ் கம்பியால் இணைத்த இணைப்பு அத்தகட்டிலேயே அடங்கிவிட்டது. 2014இல் சப்பான் நாட்டில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் என்னும் ஊர்தியின் அடுக்கிலே 370 கலங்கள் இருந்தன.

பேகனின் முறையைத் தழுவி அமெரிக்கர் செய்த அடுக்குகளே, 1969இல் மனிதரை நிலவுக்கு ஏற்றிச் சென்ற அப்பல்லோ விண்கலத்திற்கு மின்சாரம் வழங்கின. மூன்று அடுக்குகள்; ஒவ்வொன்றிலும் 31 கலங்கள். அவற்றில் நீரகமும் உயிரகமும் கூடியதால் உண்டான நீரையே விண்வெளி வீரர்கள் பருகினர். அவர்கள் சென்ற நிலவின் வடபகுதியிலே வட்டமான பள்ளம் ஒன்று உண்டு. வானநூலார் அதற்குக் குரோவ் என்று பெயரிட்டுள்ளனர்.